அலாய் வீலில் வெள்ளைக் கோடு, ஸ்டீயரிங்கில் நடுக்கம்: உப்பளத்துப் பிக்கப்புக்கு என்ன செய்வது?

கேள்வி: 4 பிப்ரவரி 2024, ஆறுமுகநேரியிலிருந்து ஒரு தம்பி

அண்ணாச்சி, என்னுடையது 2019 இசுசு வி-கிராஸ். உப்பளத்துக்கும் வீட்டுக்குமாக ஓடுகிறது. டிசம்பர் வெள்ளத்தில் ஒரு ராத்திரி முழுக்க வீல் முங்க நின்றது. இப்போது அலாய் வீலில் வார்னிஷுக்கு அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடு விழுகிறது. அலுமினியம் துருப்பிடிக்காது என்றுதானே சொல்வார்கள்? வாட்டர் சர்வீஸில் ஆசிட் போட்டுத் தேய்த்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். இன்னொன்று, 80-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. அலைன்மெண்ட் இரண்டு இடத்தில் பார்த்தாயிற்று. ஸ்டீயரிங் கம்பியை வீலோடு சேர்க்கும் டை ராட் எண்டை மாற்றச் சொல்கிறார்கள். எதை முதலில் செய்ய?

5 பிப்ரவரி 2024

தம்பி, ஆசிட்டை முதலில் நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அலுமினியத்துக்குச் செந்துரு பிடிக்காது, அவ்வளவுதான். காற்றுப் பட்ட உடனே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உண்டாகிறது. அது இருக்கும் வரை உள்ளே இருக்கும் உலோகத்துக்கு ஆபத்தில்லை. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும். துளைத்த இடத்தில் வெள்ளை மாவு கிளம்பும். அதுதான் அலுமினியத்தின் துரு. வார்னிஷுக்கு அடியில் இது நடந்தால் மேலே வர வழியில்லாமல் நூல் நூலாகப் பக்கவாட்டில் ஓடும். கல் பட்டுச் சில்லுப் பெயர்ந்த இடம், பேலன்சிங் வெயிட் கவ்விய விளிம்பு, இந்த இரண்டிலிருந்துதான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். உங்கள் வீலிலும் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய்ப் பாருங்கள், ஏதாவது ஒரு சில்லில்தான் போய் நிற்கும்.

ஆசிட் அந்தப் படலத்தையும் சேர்த்துத் தின்னும். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க விட்டு வைத்தால் காலையில் சட்டியின் உட்புறம் எப்படி இருக்கும் என்று வீட்டில் கேளுங்கள். காரமும் இதே வேலையைத்தான் செய்யும்: சலவைச் சோடா, துணி துவைக்கும் தூள் எல்லாம். ஏறக்குறைய பிஎச் (புளிப்பு, கார அளவு) 4-லிருந்து 8.5 வரைக்குள்தான் அந்தப் படலம் நிலைத்து நிற்கும். கார் ஷாம்பு என்று தனியாக விற்பது இதற்காகத்தான்.

ஆசிட் போட்டால் பளபளப்பு வரும், இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நாளில் முன்னைவிட மோசமாக மங்கும். சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அதைத் தரக்கூடிய உப்போ இருக்கும். தோலுக்குள் இறங்கி எலும்பு வரை போகும் அமிலம் அது. அதை வெறுங்கையால் பையன்கள் தேய்ப்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. உங்கள் வீலுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

அதே நாள், இரவு

நடுக்கத்துக்கு வருவோம். டை ராட் எண்ட் இப்போதைக்கு வாங்காதீர்கள்.

அலைன்மெண்ட் என்பது வீல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்ற கணக்கு. அது தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயரின் ஓரம் தேயும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் நடுங்கி, அதற்குக் கீழே அடங்கினால், வீல் நேராகச் சுற்றவில்லை என்று அர்த்தம். முன் வீல் இரண்டையும் கழற்றி இரண்டு இடம் பாருங்கள்.

ஒன்று, வீலின் உட்புற வளையம். உப்பளத்துக் களிமண் அங்கே போய் அப்பிக் காய்ந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஸ்போக் மறைத்துக்கொள்ளும். ஒரு கைப்பிடி மண் ஒரே பக்கம் ஒட்டியிருந்தால் போதும், பேலன்சிங் போட்ட காசு வீண்.

இரண்டு, ஹப்பும் (வண்டியில் வீலை மாட்டும் இரும்புத் தட்டு) வீலும் ஒன்றோடொன்று உட்காரும் முகம். இதை யாரும் பார்ப்பதில்லை. அங்கே வெள்ளை மாவும் செந்துருவும் சேர்ந்து காகிதக் கனத்துக்கு ஏடு கட்டினாலும் வீல் கொஞ்சம் சாய்ந்துதான் உட்காரும். கடையில் பேலன்சிங் மெஷின் வீலை நடுத்துளையில் கோன் கொடுத்துப் பிடிக்கிறது. அந்த மெஷினுக்கு உங்கள் ஹப்பின் ஏடு தெரியாது. அங்கே பூஜ்யம் காட்டும், வண்டியில் மாட்டினால் நடுங்கும். கடைக்காரரும் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை.

அந்த நடுக்கம் ஸ்டீயரிங்கோடு நிற்காது. டை ராட் எண்ட், ரேக் எண்ட், பால் ஜாயிண்ட் எல்லாவற்றையும் ஓடும் நேரம் முழுக்க உலுக்கும். வீலைச் சரியாக வைக்காமல் டை ராட் எண்டை மட்டும் மாற்றினால் புதுசும் அதே கதிக்குத்தான் போகும். வீல் வேறு, ஸ்டீயரிங் வேறு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் நம் ஊரில் காசு போகிறது.

11 பிப்ரவரி 2024

நட்டையெல்லாம் கழற்றியும் வீல் வரவில்லை என்கிறார் தம்பி. வராதுதான். இரும்பு ஹப், அலுமினிய வீல், நடுவில் உப்புத் தண்ணீர்: இது ஒரு பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். கரைந்த மாவு நடுத்துளையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

சுத்தியலால் வீலின் விளிம்பை அடிக்க வேண்டாம். வார்ப்பு அலுமினியம் வளைந்து கொடுக்காது, விரிசல் விடும். நட்டுகளைத் திரும்ப மாட்டி, இறுக்கியதிலிருந்து அரைச் சுற்று மட்டும் தளர்த்தி வையுங்கள். ஜாக்கியை இறக்கி, ஆள் நடக்கும் வேகத்தில் இரண்டு மூன்று மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தி, ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஒடியுங்கள். 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். வந்ததும் நிறுத்திவிட்டுக் கழற்றுங்கள். ரோட்டில் இதைச் செய்யக் கூடாது, வீட்டு முற்றத்தில் போதும். அதற்கும் அசையாவிட்டால் நடுத்துளை ஓரத்தில் துரு நீக்கும் எண்ணெயைக் கொஞ்சம் விட்டு ஒரு ராத்திரி வையுங்கள். பிரேக் டிஸ்கில் சொட்டக் கூடாது. அப்புறம் வண்டியைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, பின்புறமிருந்து டயரின் ரப்பரில் மரக்கட்டையை வைத்துத் தட்டலாம்.

ஸ்டாண்டு என்று எழுதியதைக் கவனியுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. கருங்கல்லும் செங்கல்லும் ஸ்டாண்டு ஆகாது.

18 பிப்ரவரி 2024

வீல் வந்துவிட்டது. படம் அனுப்பியிருக்கிறார். ஹப் முகத்தில் நட்டுத் துளைகளைச் சுற்றி வெள்ளை வளையம், அதன் நடுவில் செந்துரு. உட்புற வளையத்தில் சாம்பல் நிறக் களிமண் ஒரு கால்வட்டம் முழுக்க அப்பியிருக்கிறது. வெள்ளத்தோடு வந்த வண்டல் அது. டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அந்தத் தண்ணீரில் நின்ற வண்டி ஒவ்வொன்றிலும் இது இருக்கும்.

சுத்தம் செய்யும் முறை இது. ஹப் இரும்பு, அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கலாம். வீலின் முகம் அலுமினியம், அதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, அதுவே அடுத்த அரிப்புக்கு விதை ஆகும். பச்சை நார் ஸ்கிரப்பரோ நைஸ் உப்புத்தாளோ போதும். விரல் நகத்தால் இழுத்துப் பார்த்தால் எங்கேயும் தட்டக் கூடாது. தட்டினால் இன்னும் தேயுங்கள்.

துடைத்துக் காய்ந்ததும் ஹப்பின் நடு உதட்டிலும் முகத்திலும் இறுகி ஒட்டாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பேஸ்ட்டை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். செப்புத்தூள் கலந்தது வேண்டாம். அலுமினியம், நிக்கல் அல்லது செராமிக் வகை நல்லது. செம்பும் அலுமினியமும் உப்பில் சேர்ந்தால் இரும்பைவிட மோசம்.

மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், இரண்டு மூன்று தடவையாக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கு டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்), வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு. ஒரு 100 கி.மீ. ஓடியதும் திரும்ப ஒரு தடவை பாருங்கள். பஞ்சர் கடை ஏர் கன்னுக்கு அளவு கிடையாது. ஸ்டட்டை (நட்டு ஏறும் போல்ட்டை) இழுத்துவிடும், அலாயில் நட்டு உட்காரும் குழியையும் கடித்துவிடும். "கன் வேண்டாம் அண்ணே, கையால் போதும்" என்று நின்று சொல்லுங்கள், கேட்பார்கள்.

நடுக்கம் பெரும்பாலும் போய்விட்டது என்கிறார். நல்லது. மிச்சம் இருப்பதைப் பிறகு பார்ப்போம்.

19 பிப்ரவரி 2024

பேஸ்ட் பற்றி ஒரு வரி சேர்க்க வேண்டும். ஸ்டட் மரையிலும் நட்டு உட்காரும் கோனிலும் பேஸ்ட்டோ கிரீஸோ படக் கூடாது. வழுக்கும் மரையில் அதே டார்க் அளவுக்கு இறுக்கினால் ஸ்டட்டில் ஏறும் இழுப்பு அதிகமாகிவிடும். மரை காய்ந்து சுத்தமாக இருக்கட்டும்.

3 மார்ச் 2024

இப்போது டை ராட். சோதனையை வீட்டிலேயே செய்யலாம், ஓர் ஆள் துணைக்கு இருந்தால் போதும்.

வண்டி நான்கு வீலிலும் தரையில் நிற்கட்டும். துணைக்கு இருப்பவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக, அடுத்தடுத்து அசைக்கட்டும். நீங்கள் முன்பக்கம் குனிந்து டை ராட் எண்டின் குமிழ்மேல் கையை வையுங்கள். கம்பி நகர்ந்த பிறகு, ஒரு கணம் தாமதித்து வீல் நகர்ந்தால், அந்தத் தாமதம் கையில் தட்டும். கண்ணைவிடக் கைக்குத்தான் இது நன்றாகத் தெரியும்.

அடுத்தது, ஜாக்கியில் ஏற்றி வீலை 9 மணி, 3 மணி இடத்தில் பிடித்து ஆட்டுவது. ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டோ ரேக் எண்டோ. 12 மணி, 6 மணி இடத்தில் ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்டோ பேரிங்கோ. இரண்டில் எது என்று தெரியத் துணை ஆளை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட். வி-கிராஸில் முன்பக்கம் காயில் ஸ்பிரிங்கின் பாரம் கீழ் ஆர்மில் உட்காருகிறது. ஆகவே சேஸிஸில் ஜாக்கி வைத்தால் கீழ் பால் ஜாயிண்ட் இழுபட்டே நிற்கும், ஆட்டத்தை மறைத்துவிடும். ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில் கொடுத்தால்தான் உண்மை வெளிவரும். பட்டறையிலேயே பலர் இதைக் கவனிப்பதில்லை.

குமிழை மூடியிருக்கும் ரப்பர் பூட்டை (உறையை) பாருங்கள். டை ராட் எண்ட் சாவது பெரும்பாலும் தேய்ந்து அல்ல, பூட் கிழிந்து. உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே வரும் வழியில்தான் உப்புச் சகதி உள்ளே போகிறது. பூட்டை விரலால் மடித்து மடிப்புக்குள் பாருங்கள், கீறல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

தம்பிக்கு இடப்பக்கம் பூட் கிழிந்திருக்கிறது, கையிலும் தட்டுகிறது. அதை மாற்றத்தான் வேண்டும். ஆக, பட்டறையில் சொன்னதில் பாதி சரி, வரிசைதான் தப்பு.

மாற்றும்போது மூன்று விஷயம். டை ராட் எண்டைக் கம்பியில் பிடித்து நிறுத்தும் லாக் நட்டு நிற்கும் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துக்கொண்டு, பழையது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றில் புதியதை ஏற்றுங்கள். அப்போதுதான் அலைன்மெண்ட் கடை வரை ஒழுங்காக ஓட்டிக்கொண்டு போக முடியும். இரண்டாவது, ஸ்பிளிட் பின் (நட்டு கழலாமல் துளையில் கோக்கும் ஊசி) புதிதாக இருக்க வேண்டும். துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி நேராக்குங்கள், தளர்த்தக் கூடாது. மூன்றாவது, லாக் நட்டை இறுக்கும் முன் வெளியே தெரியும் மரையில் கிரீஸோ மெழுகோ தடவுங்கள். நம் ஊரில் இந்த மரை துருப்பிடித்து இறுகிவிடும். அடுத்த அலைன்மெண்ட்டுக்குப் போனால் மெக்கானிக்கால் திருப்ப முடியாது. கேஸ் வெல்டிங் தீயைக் காட்டுவார், பக்கத்தில் இருக்கும் பூட் உருகும். அல்லது திருப்பாமலேயே "எல்லாம் கரெக்ட்டாக இருக்கு" என்று காகிதத்தை நீட்டிவிடுவார். இதை நேரில் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

4 மார்ச் 2024

பூட் ஏன் இவ்வளவு சீக்கிரம் கிழிகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பதில் வாட்டர் சர்வீஸில் இருக்கிறது. கழுவி முடித்ததும் வண்டிக்கு அடியில் டீசலும் பழைய என்ஜின் ஆயிலும் கலந்து ஸ்பிரே அடிக்கிறார்கள். துருப்பிடிக்காதாம். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊறினால் உப்பி, மெதுமெதுவென்று ஆகி, பிறகு வெடிக்கும். ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் புஷ், பூட், பிரேக் ஹோஸ் எல்லாமே அங்கேதான் இருக்கின்றன. எண்ணெய்ப் பிசுக்கில் உப்புத்தூள் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும், அது வேறு.

சேஸிஸுக்குத் துருக்காப்பு வேண்டுமென்றால் மெழுகு வகைப் பூச்சு இருக்கிறது. காய்ந்த, கழுவிய இரும்பில் அடிக்க வேண்டும். ரப்பரில் படாமல் துணி கட்டிக்கொண்டு அடிக்கச் சொல்லுங்கள். "டீசல் ஸ்பிரே வேண்டாம்" என்று கழுவ விடும்போதே சொல்லிவிட வேண்டும். முடிந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

20 மார்ச் 2024

எதில் கழுவுவது? இது யாரும் கேட்கவில்லை, ஆனால் எனக்குப் பெரிய விஷயம் இதுதான்.

முள்ளக்காடு, முத்தையாபுரம், தருவைகுளம், ஆறுமுகநேரி, இந்தப் பக்கமெல்லாம் போர் தண்ணீர் உவர். வாட்டர் சர்வீஸில் அதைத்தான் அடிக்கிறார்கள். உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர். தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் பேனா அளவில் கிடைக்கிறது. ஆர்ஓ தண்ணீர் பார்ப்பவர்கள் வைத்திருப்பார்கள், அதை வாங்கி முக்கிப் பாருங்கள். கடல் நீர் 35,000 வாக்கில் இருக்கும். உங்கள் போரில் நான்கு இலக்கம் வந்தால், முதல் அலசலுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, கடைசி அலசலை தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ முடியுங்கள். வீலுக்கும் அதன் பின்புறத்துக்கும் மட்டும் என்றால் சில வாளி போதும்.

உப்பளத்தில் ஓட்டுபவர்களுக்குத் தெரிய வேண்டிய இன்னொன்று. சாதா உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் கசியும். ஆனால் உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் இருப்பது மெக்னீசியம் குளோரைடு. அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரையில் காற்று அதற்கும் கீழே காய்வது அபூர்வம். அதாவது அந்தத் தண்ணீர் தெறித்த வீல் நண்பகல் வெயிலில்கூட முழுசாகக் காயாது, அரிப்பு நிற்காது. கழிவுக் கால்வாய் ஓரம் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே கழுவுங்கள். வெள்ளை உப்பு தெறித்தால் மறுநாள் வரை பொறுக்கலாம்.

கழுவும் முன் வீல் ஆறட்டும். சூட்டில் தண்ணீர் ஊற்றினால் ஷாம்பு அங்கேயே காய்ந்து கறை போடும். முதலில் முதுகுப் பக்கம், அப்புறம்தான் முகம். நீளமான மெத்தைப் பிரஷ்ஷை ஸ்போக் இடுக்கில் விட்டு உட்புற வளையத்தைத் தேய்த்து, வரும் தண்ணீர் கலங்கல் இல்லாமல் ஓடும் வரை அலசுங்கள்.

12 மே 2024

சிவகாசியிலிருந்து ஒருவர்: வீலைச் சுரண்டிப் பவுடர் கோட்டிங் செய்யலாமா, சூட்டில் பலம் போகாதா?

செய்யலாம். அலாய் வீல் பெரும்பாலும் சிலிக்கானும் மெக்னீசியமும் கலந்த ஏ356 என்ற அலுமினிய வார்ப்பு. அதை 540 டிகிரி வாக்கில் சூடாக்கி, நீரில் தணித்து, பிறகு 155 டிகிரி வாக்கில் பதப்படுத்துவதால்தான் அந்தப் பலம். பவுடர் கோட்டிங் 180-லிருந்து 200 டிகிரி, சில நிமிடங்கள். ஒரு தடவை, அளவாகச் செய்தால் பயமில்லை. அடுப்பில் போட்டு மறந்துபோகும் கடையும், வருஷம் ஒரு கலர் மாற்றும் ஆசையும்தான் ஆகாது. முகம் கடைசலில் சீவிய வைரவெட்டு வீல் என்றால் அந்தச் சீவலைத் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது, உலோகம் குறைந்துகொண்டே போகும். கடற்கரைக்கு முழு பெயின்ட்டே மேல்.

நான் வெறுப்பது வேறொன்று. ரோட்டோரத்தில் கேஸ் தீயைக் காட்டிப் 'பெண்ட் எடுப்பது'. சுட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும், வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. விரிசல் விட்ட ஸ்போக்கை வெல்டிங் வைத்து முன்பக்கம் மாட்டுவது இன்னும் மோசம். விரிசல் என்றால் அந்த வீல் பழைய இரும்புக் கடைக்கு.

13 மே 2024

இதே பேச்சில் இன்னொரு கேள்வி: உப்பளத்துக்கு அலாய் எதற்கு, இரும்பு வீல் போட்டுவிட்டால் என்ன?

யோசித்துப் பார்த்தேன். தார் ரோட்டுக்கு அலாய் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தினமும் வரப்பில் ஏறி இறங்கும் வண்டிக்கு 16 அங்குல இரும்பு வீலும் உயரமான டயரும்தான் நல்லது என்ற பக்கம் சாய்கிறேன். துரு கண்ணுக்குத் தெரியும், கல்லில் இடித்தால் விரிசல் விடாது, வளையும், விலையும் குறைவு. வி-கிராஸின் 18 அங்குல டயர் 255/60. அதன் முழு விட்டம் கணக்குப்படி 763 மி.மீ. 16 அங்குலத்தில் 245/70 போட்டால் 749. வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்குள். மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். பிரேக் கேலிப்பருக்கு இடம் இருக்கிறதா என்று மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். நட்டு மாறலாம். அலாய்க்கு வந்த நட்டு இரும்பு வீலில் ஒழுங்காக உட்காரும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

9 ஜூன் 2024

பாம்பனிலிருந்து ஹைலக்ஸ் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர். கேம்பர் (வீல் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்) சரி செய்ய முடியவில்லை, போல்ட் அசையவில்லை என்று கடையில் திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

ஹைலக்ஸில் கீழ் ஆர்ம் போல்ட்டில் கேம் வாஷர் இருக்கும், அதைத் திருப்பித்தான் கேம்பரும் காஸ்டரும் (வீல் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) சரி செய்வார்கள். போல்ட் புஷ்ஷின் உள் இரும்புக் குழாயோடு துருவில் ஒட்டிவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். புஷ், போல்ட், கேம் எல்லாம் புதிது. பெரிய செலவு. வண்டி புதிதாக இருக்கும்போதே அலைன்மெண்ட் கடையில் ஒரு தடவை கழற்றி, குழாயின் உட்புறம் கிரீஸ் தடவி, பழைய குறியிலேயே மாட்டச் சொன்னால் இந்தத் தொல்லை வராது. மார்ச் 3-ல் லாக் நட்டுக்குச் சொன்ன அதே காரியம்.

10 ஜூன் 2024

"டை ராடுக்கு கிரீஸ் அடித்தால் போதாதா?" என்று கேட்பவருக்கு: டாடா 407 மாதிரி முன்பக்கம் கட்டை ஆக்சிலும் கிங் பின்னும் இருந்தால் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் முனை) இருக்கும், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். இன்றைய பிக்கப்பில் பெரும்பாலும் மூடிய ஜாயிண்ட், நிப்பிளே கிடையாது. ஊசி குத்திக் கிரீஸ் ஏற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், குத்திய துளையில் தண்ணீர் போகும்.

25 ஆகஸ்ட் 2024

ஆறுமுகநேரித் தம்பி திரும்ப வந்திருக்கிறார். நடுக்கம் இல்லை. ஆனால் வளைவில் ஒடித்துவிட்டால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வர மாட்டேன் என்கிறது. நடு நடுவே பிடிக்கிறதாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதால் எனக்கு முதல் சந்தேகம் ஸ்டீயரிங் தண்டின் சிலுவை ஜாயிண்ட். என்ஜின் பக்கம், கீழே ரேக்கோடு சேரும் இடத்தில் இருக்கும். உள்ளே ஊசி பேரிங். தண்ணீர் புகுந்தால் உடனே தெரியாது, மாதக்கணக்கில் துருவேறி மெல்ல இறுகும். முன் வீல்களைத் தூக்கி, என்ஜினை நிறுத்தி ஸ்டீயரிங்கைச் சுற்றுங்கள். ஒரு சுற்றில் இரண்டு இடத்தில் இறுகி இரண்டு இடத்தில் இளகினால் அந்த ஜாயிண்ட்தான். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கம் என்றால் பால் ஜாயிண்ட் பக்கம் போங்கள்.

ரேக்கின் இருபக்க மடிப்பு பூட்டையும் கையோடு பாருங்கள். கிளிப்பைத் தளர்த்தி மெல்ல விலக்கினால் உள்ளே தண்ணீரோ காபி நிறத்துச் சகதியோ இருக்கிறதா என்று தெரியும். ரேக் கம்பி பளபளவென்று இருக்க வேண்டும். துருப்புள்ளி விழுந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் சீலை அறுக்கும், ஆயில் கசியும், அப்புறம் முழு ரேக்கும் போகும். பூட்டின் விலை எங்கே, ரேக்கின் விலை எங்கே.

பவர் ஸ்டீயரிங் ஆயில் கறுத்திருந்தால் மாற்றுங்கள். எந்த வகை என்று டப்பா மூடியிலோ புத்தகத்திலோ இருக்கும். நுரைத்தால் எங்கோ காற்று இழுக்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து அப்படியே அழுத்திப் பிடித்து வைக்காதீர்கள். பம்ப் முழு அழுத்தத்தில் திணறி ஆயில் கொதிக்கும். வரப்பு முனையில் வண்டியைத் திருப்பும்போது எல்லோரும் செய்வது இது.

1 செப்டம்பர் 2024

சிலுவை ஜாயிண்ட்தான். கழற்றியதும் ஊசிகளுக்குப் பதில் செந்துருப் பொடி கொட்டியதாம். தண்டு மாற்றியதும் சரியாகிவிட்டது. மாட்டும்போது ஸ்டீயரிங் நேராக இருக்கும் குறியை வைத்தார்களா என்று கேட்டேன், வைத்தார்களாம். நல்ல பட்டறை, விடாதீர்கள்.

6 அக்டோபர் 2024

உப்பு வாருவது முடிந்து வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது. முன் வீல், பின் வீல் நான்கையும் கழற்ற இதுதான் நேரம். டயர் மாற்றிப் போடும் வேலையையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம். இன்னொரு தடவை, வாரும் பருவம் தொடங்கும் முன். வருஷத்துக்கு இரண்டு தடவை ஹப் முகம் வெளிச்சத்தைப் பார்த்தால் பிப்ரவரியில் நாம் பட்ட பாடு படவேண்டாம்.

கழற்றும்போது வால்வு மூடியையும் பாருங்கள். அலங்காரத்துக்குப் போடும் பித்தளை மூடி, அலுமினிய வால்வுத் தண்டில் இறுகி ஒட்டிவிடும். காற்றடிக்கப் போன இடத்தில் திருகினால் தண்டோடு முறியும். கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் நம் ஊருக்கு அழகு.

10 நவம்பர் 2024

ஸ்டெப்னி இறங்கவில்லை என்று காயல்பட்டினத்திலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மழையில் நடுரோட்டில் பஞ்சராகிக் கஷ்டப்பட்டிருக்கிறார்.

பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னிக்குத்தான் வண்டியிலேயே அதிக உப்பு. பின் வீல் அடிக்கும் சகதி முழுக்க அங்கேதான் போகிறது. சங்கிலி சுற்றும் பல்சக்கரம் இறுகினால் கம்பியை விட்டு முரட்டுத்தனமாகத் திருகாதீர்கள். கீழே ஜாக்கியைக் கொடுத்து டயரின் பாரத்தை ஏந்திக்கொண்டு, பல்சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசையுங்கள். பாரம் இல்லாவிட்டால் பெரும்பாலும் இளகும். இறங்கியதும் சங்கிலியை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து கிரீஸ் போடுங்கள், காற்றும் பாருங்கள். ஸ்டெப்னி இரும்பு வீல் என்றால், வண்டியில் இருக்கும் நட்டு அதில் சரியாக உட்காருகிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிடுங்கள். வேறு நட்டு வேண்டுமென்றால் ஆறு நட்டை ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு கட்டி வையுங்கள்.